திரைப் பந்தயமும் சாலைப் பந்தயமும்: ஈ.சி.ஆர். பற்றிய ஒரு பொதுக்கருத்துக்கு மறுப்பு

ஈ.சி.ஆர். எனப்படும் கிழக்குக் கடற்கரைச் சாலையில், முட்டுக்காட்டுப் பாலத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் இடைப்பட்ட பகுதியில், விடுமுறை நாள் விடியற்காலைகளில் நடக்கும் மோட்டார் சைக்கிள் பந்தயங்களைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம், காவல்துறை வழக்குப் பதிவதற்கு முன்பே பொதுமன்றம் தன் தீர்ப்பை எழுதிவிடுகிறது. வீட்டில் பைக் ரேஸ் கேம் ஆடிப் பழகிய கைதான் சாலையிலும் ஆக்சிலேட்டரை முறுக்குகிறது என்பது அந்தத் தீர்ப்பு. பெற்றோர் சொல்கிறார்கள், ஆசிரியர்கள் வழிமொழிகிறார்கள், தொலைக்காட்சி விவாதங்களில் அமர்பவர்கள் அதை நிரூபணம் தேவைப்படாத உண்மையாகவே எடுத்துக்கொண்டு மேற்கொண்டு பேசுகிறார்கள். கன்சோலை, அதாவது தொலைக்காட்சியோடு இணைத்துக் கைக்கருவி கொண்டு ஆடும் விளையாட்டுக் கணினியை, வீட்டை விட்டு அகற்றினால் பாதித் தொல்லை தீரும் என்ற பரிந்துரையும் கூடவே வருகிறது.

மறுக்கப்படவேண்டிய கருத்தை அதன் வலுவான வடிவில் எடுத்துக்கொள்வதே முறை. அவ்வடிவில் அது மூன்று கூற்றுகளைக் கொண்டது. முதலாவது, மனிதர், அதிலும் பதின்பருவத்தினர், திரும்பத் திரும்பச் செய்வதைப் பழக்கமாக்கிக்கொள்பவர்கள். ஆகவே திரையில் மணிக்கு 300 கிலோமீட்டரில் பறந்தவனுக்குச் சாலையில் 100 கிலோமீட்டர் மந்தமாகத் தோன்றும். இரண்டாவது, விளையாட்டில் விழுந்தவன் அடுத்த நொடியே எழுந்து ஓட்டுகிறான். விபத்துக்கு விலை உண்டு என்ற உணர்வு அதனால் மழுங்குகிறது. மூன்றாவது, இது வெறும் ஊகமன்று, உளவியல் ஆய்வுகளின் ஆதரவும் இதற்கு உண்டு. மூன்றில் எதுவும் அறிவற்ற கூற்றன்று. மூன்றாவதில் உண்மையின் பெரும்பகுதியே இருக்கிறது. எனினும் இவற்றிலிருந்து எடுக்கப்படும் முடிவு தவறானது, அதன் விளைவுகள் ஆபத்தானவை. காரணங்கள் வருமாறு.

1. காரணம் என்று சொல்லப்படுவது விளைவுக்குப் பின்னால் பிறந்திருக்கிறது. பொதுச்சாலையில் வேகப்போட்டி நடத்துவதைக் குற்றமாக்கும் 189ஆம் பிரிவு 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்திலேயே இடம்பெற்றுள்ளது. வீட்டுத் திரைக்கான பைக் பந்தய விளையாட்டுகளில் முன்னோடிகளுள் ஒன்றான நிண்டெண்டோ நிறுவனத்தின் ‘எக்சைட்பைக்’ ஜப்பானில் 1984இல்தான் வெளிவந்தது. தமிழ்நாட்டு நடுத்தரக் குடும்பங்களுக்கு டிவி கேம் என்ற பெயரில் மலிவான கேட்ரிட்ஜ் கருவிகள் வந்துசேர்ந்தது 1990களில். சாலைப் பந்தயம் தனிப்பிரிவு எழுதித் தடுக்கவேண்டிய அளவுக்குச் சட்டமியற்றியவர்களுக்குப் பழக்கமாகியிருந்த காலத்தில், குற்றம் சாட்டப்படும் கருவி இந்நாட்டு வீடுகளில் ஏறக்குறைய இல்லை. திரை இல்லாமலே இளைஞர் சாலையில் போட்டியிட்டனர் என்றால், திரை வந்தபின் அவர்கள் போட்டியிடுவதற்குத் திரையே காரணம் என்று சொல்பவர் அதைத் தனியாக நிறுவியாகவேண்டும்.

2. இக்கருத்தைச் சொல்பவர்களில் பெரும்பாலோர் அந்த விளையாட்டைக் கையில் எடுத்துப் பார்த்தவர்களாகத் தெரியவில்லை. இத்தாலியின் மிலான் நகரைச் சேர்ந்த மைல்ஸ்டோன் நிறுவனம் உருவாக்கிவரும் ‘மோட்டோஜிபி’ விளையாட்டு வரிசையை எடுத்துக்கொள்ளலாம். உலக மோட்டார் சைக்கிள் சாம்பியன் பட்டப் போட்டியின் ஓடுதளங்களையும் விதிகளையும் திரைக்குக் கொண்டுவரும் இவ்வரிசையின் 2023ஆம் ஆண்டுப் பதிப்பில், அவ்வாண்டு செப்டம்பரில் இந்தியாவின் முதல் மோட்டோஜிபி பந்தயம் நடந்த கிரேட்டர் நொய்டாவின் புத் சர்வதேசப் பந்தயத்தளமும் உண்டு. அத்தளத்தில் ஒரு கிலோமீட்டருக்கும் நீளமான நேர்ப்பாதை ஒன்று இருக்கிறது. பொதுக்கருத்தின்படி ஆடுபவருக்கு அங்கே கிடைக்கும் பாடம் வேகம். உண்மையில் அந்த நேர்ப்பாதையில் கற்றுக்கொள்ள ஏதுமில்லை, கைக்கருவியின் வலது விசையை அழுத்திக்கொண்டிருந்தால் போதும். ஆட்டம் தொடங்குவது நேர்ப்பாதை முடியும் இடத்தில்தான். முன்சக்கரத் தடைக்கு, அதாவது பிரேக்குக்கு, ஒரு விசை, பின்சக்கரத் தடைக்கு வேறொரு பொத்தான்; முன்தடையை ஒரேயடியாக அழுத்தினால் பின்சக்கரம் தரையை விட்டு எழும்பி வண்டி தடுமாறும்; சாய்ந்த நிலையிலும் அதே அழுத்தத்தைப் பிடித்திருந்தால் முன்சக்கரம் வழுக்கி ஓட்டுநர் சரளைக்குள் உருள்வார்; ஆகவே சாயச் சாய விரலைச் சிறிது சிறிதாகத் தளர்த்தவேண்டும். வளைவின் நடுவில் பொறுமையிழந்து ஆக்சிலேட்டரைத் திறந்தால் பின்சக்கரம் பிடிப்பை இழந்து, மீண்டும் சட்டென்று பிடிப்பைப் பெறும்போது ஓட்டுநரை இருக்கையிலிருந்து தூக்கி எறியும். உதவி அமைப்புகளை அணைத்துவிட்டு ஆடும் புதியவர் முதல் சுற்றை விழாமல் முடிப்பதே அரிது.

தடத்தின் எல்லைக்கு வெளியே சக்கரம் போனால் எச்சரிக்கை வரும். அது தொடர்ந்தால், நேரத்தை இழக்கச் செய்யும் நீண்ட சுற்றுவழியில் சென்று வரவேண்டிய தண்டனை வரும். ஈ.சி.ஆரில் கைதட்டல் வாங்கும் வீலிங், அதாவது முன்சக்கரத்தைத் தூக்கி ஓட்டும் வித்தை, இங்கே ஓட்டுநரின் பிழையாகக் கொள்ளப்படுகிறது. முன்சக்கரம் எழும்பினால் முடுக்கம் குறைகிறது, நேரம் போகிறது. அதைத் தடுப்பதற்கென்றே இயந்திரத்தின் விசையைக் குறைக்கும் மின்னணு அமைப்பு ஒன்று உண்மையான பந்தய வண்டிகளில் இருப்பதுபோல் விளையாட்டிலும் இருக்கிறது, அதை எந்த அளவில் வைப்பது என்பதை ஆடுபவர் முடிவுசெய்கிறார். இவ்வளவையும் மணிக்கணக்கில் பயின்றவர் அதன் காரணமாகவே கோவளம் சந்திப்பில் ஒற்றைச் சக்கரத்தில் ஓட்டுவார் என்று வாதிடுவது, கர்நாடக இசை பயின்றதால்தான் ஒருவர் சுருதி விலகிப் பாடுகிறார் என்று வாதிடுவதற்கு நிகர்.

3. ஆய்வு இருக்கிறது என்பது சரி. அதை முழுவதும் படித்தவர் குறைவு. இத்துறையில் அடிக்கடி சுட்டப்படுவது ஜெர்மனியின் உளவியலாளர் பீட்டர் ஃபிஷரும் உடன் ஆய்வாளர்களும் 2007இல் வெளியிட்ட ஆய்வு. பந்தய விளையாட்டு ஆடியவர்கள், ஆடி முடித்தவுடன், காணொளியில் காட்டப்பட்ட சாலைச் சூழல்களில் கூடுதல் ஆபத்தை ஏற்கும் நாட்டம் காட்டினர் என்று அது கண்டது. இதே குழு 2009இல் வெளியிட்ட தொடராய்வு, விளைவு ஏன் உண்டாகிறது என்று கேட்டு ஒரு முக்கியமான வரையறையைச் சேர்த்தது: போக்குவரத்து விதிகளை மீறுவதற்குப் பரிசளிக்கும் விளையாட்டுகளை ஆடியவர்களிடம் மட்டுமே அவ்விளைவு காணப்பட்டது, அவ்வாறு பரிசளிக்காத பந்தய விளையாட்டுகளை ஆடியவர்களிடம் காணப்படவில்லை. தன்னைப் பொறுப்பற்று வண்டி ஓட்டுபவர் என்று ஆடுபவர் எண்ணிக்கொள்ளத் தொடங்குவது அவ்விளைவின் ஒரு பகுதியை விளக்குகிறது என்றும் அவர்கள் காட்டினர். ஆய்வுக்கூடத்தில் அளக்கப்பட்ட உடனடி நாட்டத்துக்கும் மாதக்கணக்கில் நீடிக்கும் சாலைப் பழக்கத்துக்கும் இடையே உள்ள தூரத்தை ஒதுக்கிவைத்தாலும், பொதுக்கருத்து தன் சாட்சியாக அழைத்த ஆய்வே அதன் வழக்கைப் பாதியில் வெட்டிவிடுகிறது.

அவ்வரையறையைக் கொண்டு அளந்தால் உண்மையிலேயே குற்றம் சாட்டத்தக்க விளையாட்டுகள் இருக்கின்றன. எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனம் 1991இல் தொடங்கிய ‘ரோட் ராஷ்’, தமிழ்நாட்டின் பிரவுசிங் சென்டர்களில் ஒரு தலைமுறையே ஆடித் தீர்த்த விளையாட்டு. போக்குவரத்து நிறைந்த பொதுச்சாலையில் பக்கத்து வண்டிக்காரரைச் சங்கிலியால் அடித்து வீழ்த்தி முந்துவது அதன் சாரம். இன்று கைபேசியில் இலவசமாகக் கிடைக்கும் ‘டிராஃபிக் ரைடர்’ இன்னும் நேரடியானது. மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டியபடி பிற வாகனங்களை உரசுவதுபோல் முந்தினால் கூடுதல் புள்ளி, எதிர்த்திசையில் ஓட்டினால் கூடுதல் புள்ளி, வீலிங் செய்தால் கூடுதல் புள்ளி என்று அது வெளிப்படையாகவே அறிவிக்கிறது. ஈ.சி.ஆரில் நடக்கும் தவறுகளின் பட்டியலை ஒருவர் எழுதச் சொன்னால் இதைவிடக் கச்சிதமாக எழுத முடியாது. ஆனால் பொதுமன்றத்தின் கோபம் இதன்மீது விழவில்லை. கைபேசியில் ஆடுவது பிள்ளை சும்மா இருப்பதாகத் தெரிகிறது. 2021 பிப்ரவரியில் 49,990 ரூபாய் விலையில் இந்தியாவுக்கு வந்த பிளேஸ்டேஷன் 5 போன்ற கருவி வரவேற்பறையில் இடம் பிடித்துச் சத்தம் போடுவதால் குற்றவாளியாகத் தெரிகிறது.

‘டிடி ஐல் ஆஃப் மேன்’ என்ற கன்சோல் விளையாட்டு பொதுச்சாலைப் பந்தயத்தையே காட்டுகிறதே என்று கூர்மையான எதிர்வாதி கேட்கலாம். பிரிட்டனுக்கும் அயர்லாந்துக்கும் இடையிலுள்ள மேன் தீவில், சுமார் 60 கிலோமீட்டர் நீளமான மலைவழிச் சாலையில் 1911 முதல் நடந்துவரும் அப்பந்தயம் உலகின் மிக ஆபத்தான பந்தயங்களுள் ஒன்று. இருநூறுக்கும் மேற்பட்டோரின் உயிரை அத்தடம் வாங்கியிருக்கிறது. ஆயினும் பந்தய நேரத்தில் அச்சாலை சட்டப்படி மூடப்படுகிறது, வழிநெடுகக் கொடிக்காவலர் நிற்கின்றனர், எதிரே பேருந்து வருவதில்லை. விளையாட்டிலும் வருவதில்லை.

4. விழுந்தவன் எழுவதால் ஆபத்து மறக்கிறது என்ற கூற்று, விழுவதையே பார்க்காதவனுக்கு ஆபத்து எப்படி நினைவிருக்கும் என்ற கேள்வியைத் தவிர்க்கிறது. கன்சோல் ஆட்டத்தில் விழுவது ஓயாத நிகழ்வு, ஒவ்வொரு வீழ்ச்சிக்கும் காரணம் உண்டு, அக்காரணத்தை ஆடுபவர் அடுத்த சுற்றில் திருத்தியாகவேண்டும். ரீல்ஸ் எனப்படும் குறுங்காணொளிகளில் வீலிங் செய்பவர் விழுவதில்லை. விழுந்த எடுப்பு வெட்டப்பட்டு, விழாத எடுப்பு மட்டும் இசை சேர்த்து வெளியாகிறது. விளைவற்ற வேகத்தைக் கற்பிக்கும் திரை எது என்று உண்மையாகத் தேடுபவர் இங்கேதான் வந்து நிற்கவேண்டும்.

5. சாலைப் பந்தயத்துக்கு இன்றியமையாத பொருள் பார்வையாளர். வீட்டு விளையாட்டில் அது இல்லை. பூட்டிய அறையில் ஒருவர் முறியடிக்க விரும்புவது தன் முந்தைய சுற்று நேரத்தை, அதைப் பார்ப்பவர் எவருமில்லை. சாலையில் ஓட்டுபவரின் தலைக்கவசத்தில் கேமரா இருக்கிறது, பின்னால் வரும் நண்பர் கைபேசியை நீட்டிக்கொண்டிருக்கிறார், வண்டியின் சைலன்சர் ஊர் திரும்பிப் பார்ப்பதற்காகவே மாற்றப்பட்டிருக்கிறது. 2023 செப்டம்பரில் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில், காஞ்சிபுரத்தை அடுத்த பாலுசெட்டி சத்திரம் அருகே, விலையுயர்ந்த பைக்கில் வீலிங் செய்ய முயன்று விழுந்ததாகக் கைதானவர், லட்சக்கணக்கான இளைஞர் பின்தொடர்ந்த யூடியூபர். அவருடைய ஓட்டுநர் உரிமத்துக்குப் போக்குவரத்துத் துறை பத்தாண்டுத் தடை விதித்தது. தமிழ்நாட்டில் அதிகம் பேசப்பட்ட இந்த வழக்கில் கன்சோல் எங்குமே வரவில்லை, கேமராதான் வந்தது. அதற்குப் பிறகும் விவாதங்கள் கன்சோலுக்கே திரும்புவது வியப்புக்குரியது. ஒருவேளை ரீல்ஸ் பார்க்கும் பழக்கம் விவாதிப்பவர்களுக்கும் இருப்பதுதான் காரணமோ என்னவோ.

இதனோடு சேர்த்து ஒரு குழப்பத்தையும் விலக்கவேண்டும். ஆன்லைன் ரம்மி போன்ற பணம் வைத்து ஆடும் ஆட்டங்கள் குடும்பங்களைச் சீரழித்ததால் எழுந்த நியாயமான சினம், ‘கேம்’ என்று பெயர் பெற்ற அனைத்தின் மீதும் பரவியிருக்கிறது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய இணைய விளையாட்டுச் சட்டமே பணம் வைத்து ஆடுவதைத் தடைசெய்து, மின்விளையாட்டுப் போட்டிகளைத் தனியே பிரித்து அங்கீகரிக்கிறது. மாமல்லபுரத்தை அடுத்த பூஞ்சேரியில் 2022இல் 44ஆவது செஸ் ஒலிம்பியாட் நடந்தபோது, படையெடுத்து அரசனைச் சிறைப்பிடிக்கும் அந்த ஆட்டம் இளைஞரைப் போர்வெறியராக்கும் என்று எவரும் எழுதவில்லை.

6. பொதுக்கருத்தின் உண்மையான கேடு, அது யாரைக் குற்றம் சாட்டுகிறது என்பதைவிட யாரை விடுவிக்கிறது என்பதில் இருக்கிறது. முதலில் விடுதலையாவது சாலை. நான்கு வழியாக அகலப்படுத்தப்பட்ட ஈ.சி.ஆர்., ஒருபுறம் கடலும் மறுபுறம் உப்பங்கழியும் சவுக்குத் தோப்புமாக நீண்ட நேர்த்தடங்களை வழங்குகிறது. அதே சாலையின் கிழக்கு ஓரத்தில் கோவளம், நெம்மேலி, பட்டிபுலம், சாலவான்குப்பம், தேவனேரி என்று மீனவர் குடியிருப்புகள் வரிசையாக இருக்கின்றன, அங்கிருந்து மீன்கூடையோடு பெண்கள் பேருந்து நிறுத்தத்துக்குச் சாலையைக் கடக்கிறார்கள். மணிக்கு 50 கிலோமீட்டரில் வரும் மோட்டார் சைக்கிள், ஓட்டுநர் ஆபத்தைக் கண்டு உணர ஒன்றரை நொடி என்று கொண்டால், உலர்ந்த சாலையில் நல்ல தடையோடு சுமார் 35 மீட்டரில் நிற்கும். 100 கிலோமீட்டரில் வருவது, கண்டு உணர்வதற்குள்ளேயே 42 மீட்டர் ஓடிவிடும். நிற்பதற்குள் ஏறத்தாழ 100 மீட்டர் கடந்திருக்கும். நடுத்தடுப்பின் இடைவெளியில் கூடையோடு நிற்கும் பெண் 80 மீட்டர் தொலைவில் வரும் வண்டியைப் பார்த்துவிட்டு இறங்குகிறார் என்றால், முதல் வண்டி அவருக்கு 45 மீட்டர் முன்னால் நின்றிருக்கும், இரண்டாவது அவர்மீது மோதியிருக்கும். இந்த வேறுபாட்டைக் குறைக்க வல்லவை வேகத்தைப் பதிவுசெய்யும் கேமராக்கள், கடக்குமிடங்களில் சாலை வடிவமைப்பு, விடியற்காலை ரோந்து ஆகியவை. இவற்றுக்குச் செலவாகும், இவற்றுக்குப் பொறுப்பேற்கத் துறைகள் இருக்கின்றன. கேமைக் குற்றம் சொல்ல எந்தத் துறையும் தேவையில்லை.

எண்களும் இதையே காட்டுகின்றன. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி 2022இல் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தனர், அவர்களில் 44.5 விழுக்காட்டினர் இருசக்கர வாகனங்களில் சென்றவர்கள். தலைக்கவசம் அணியாமல் இறந்தவர் 50,029 பேர். தமிழ்நாட்டில் மட்டும் 64,105 விபத்துகள், வேறெந்த மாநிலத்தையும் விட அதிகம்; இறப்பு 17,884. பந்தய விளையாட்டின் ஓட்டுநர் தலைக்கவசமும் தோலுடையும் இல்லாமல் தடத்தில் இறங்குவதே இல்லை என்பதை இந்த ஐம்பதாயிரத்தின் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

அடுத்து விடுதலையாவது சாவியைக் கொடுத்தவர். 18 வயது நிரம்பாதவர் கியர் வண்டி ஓட்டக்கூடாது; 16 வயதினருக்குச் சட்டம் அனுமதிப்பது 50 சிசிக்கு மேற்படாத வண்டியை மட்டுமே. ஊர்ப்புறங்களில் யாரும் வண்டியாகவே மதிக்காத டிவிஎஸ் எக்ஸ்எல் 100 கூட ஏறக்குறைய 100 சிசி. 2019 திருத்தத்தில் சேர்க்கப்பட்ட 199ஏ பிரிவு, சிறார் ஓட்டிக் குற்றம் செய்தால் பாதுகாவலருக்கோ வண்டியின் உரிமையாளருக்கோ மூன்றாண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் விதிக்கிறது. வண்டியின் பதிவு ஓராண்டுக்கு ரத்தாகிறது. அச்சிறாருக்கு 25 வயது வரை உரிமம் கிடையாது. பொறுப்பு எங்கே இருக்கிறது என்பதில் சட்டத்துக்கு ஐயமில்லை. பத்தாம் வகுப்புத் தேர்ச்சிக்கு 150 சிசி வண்டியைப் பரிசளித்த குடும்பம், விபத்துக்குப் பிறகு ‘எந்நேரமும் அந்த கேம்தான்’ என்று சொல்லும்போது, தன்னை நோக்கி நீளும் விரலை ஒரு பிளாஸ்டிக் பெட்டியின் பக்கம் திருப்பிவிடுகிறது. சுற்றியிருப்பவர்கள் இரக்கத்தால் அதை ஏற்றுக்கொள்கிறார்கள். இரக்கம் புரிந்துகொள்ளத்தக்கதே, ஆனால் அடுத்த வீட்டில் அதே பரிசு வாங்கப்படுவதை அது தடுப்பதில்லை.

7. இறுதியாக, தடையே தீர்வு என்ற எண்ணத்தை இக்கடற்கரையே பொய்யாக்கியிருக்கிறது. அலைமீது பலகையில் ஏறி நிற்கும் ஆசையும் உயிரைப் பணயம் வைக்கும் ஆசைதான். கோவளத்தில் மீனவ இளைஞர்களின் அந்த ஆசைக்குப் பயிற்சிப் பள்ளி, பயிற்றுநர், போட்டி என்று ஒரு வடிவம் கிடைத்தது; 2025 ஆகஸ்டில் ஆசிய அலைச்சறுக்குப் போட்டி மாமல்லபுரத்திலேயே நடந்தது. மோட்டார் சைக்கிளுக்கு அப்படியொரு வடிவம் தமிழ்நாட்டில் இல்லாமலில்லை. சோழவரத்தின் பழைய விமான ஓடுபாதையில் பந்தயம் நடத்திய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், பின்னர் காஞ்சிபுரம் மாவட்டத்தின் இருங்காட்டுக்கோட்டையில் 3.7 கிலோமீட்டர் ஓடுதளம் அமைத்தது. தேசியச் சாம்பியன் பட்டப் போட்டிகள் அங்கே நடக்கின்றன. ஆனால் அங்கே இறங்க உரிமம், மருத்துவச் சான்று, தோலுடை, வண்டி என்று ஆகும் செலவு செங்கல்பட்டின் ஒரு தொழிற்சாலையில் பயிற்சி பெறும் இளைஞரின் கைக்கு எட்டாதது.

பந்தயத்தளம் என்பதால் ஆபத்து நீங்கிவிடுவதும் இல்லை. 2023 ஆகஸ்டில் அதே தளத்தில், தேசியப் போட்டியொன்றில், பெங்களூரைச் சேர்ந்த 13 வயதுச் சிறுவன் விழுந்து இறந்தான். விதிகளும் மருத்துவ ஊர்தியும் உள்ள இடத்திலேயே இது நேரும் என்றால், 13 வயதில் பந்தய ஆசை கொண்ட ஒருவருக்குப் பெரியவர்கள் பரிந்துரைக்கத்தக்க இடங்களில் வீட்டுத் திரையைக் கடைசியில் வைப்பதா முதலில் வைப்பதா என்று பொதுக்கருத்தை முன்மொழிபவர்கள் விடை சொல்லவேண்டும். விடை முதலில் என்றால், கன்சோலைப் பிடுங்கச் சொன்னவர்கள் பிடுங்கியபின் அச்சிறுவன் போகவேண்டிய இடத்தையும் சொல்லவேண்டும். 2024 ஆகஸ்ட் இறுதியில் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றியுள்ள பொதுச்சாலைகளை மூடி, 3.5 கிலோமீட்டர் தடத்தில் கார்களுக்கு இரவுப் பந்தயம் நடத்த முடிந்த ஒரு மாநிலத்தில், மாதத்தில் ஒரு காலை, வேலியிட்ட ஒரு திடலில், சொந்த 125 சிசி வண்டியோடு வரும் 18 வயதினருக்கு ஒரு பயிற்றுநர் பிரேக் பிடிக்கக் கற்றுக்கொடுப்பது இயலாது என்று எவரும் சொல்ல முடியாது. இதுவரை எவரும் கேட்டதாகவும் தெரியவில்லை.